இரட்டைக் கோடு

என் பீரோவில் சேலைகளுக்கு அடியில் ஒரு சார்ட் தாள் நாலாக மடிந்து கிடக்கிறது. பள்ளிப் பிள்ளைகள் வரைபடம் வரையக் கடையில் வாங்குகிற அதே வெள்ளைத் தாள்தான். எங்கள் குடும்பத்து ஆட்களின் பெயர்கள் அதில் கட்டம் கட்டமாக எழுதப்பட்டிருக்கின்றன. செத்தவர்களுக்கு நீல மை, உயிரோடிருப்பவர்களுக்குப் பென்சில். கணவன் மனைவிக்கு நடுவே ஸ்கேல் வைத்துப் போட்ட இரட்டைக் கோடு. பெரியப்பா பெயரையும் என் அப்பா பெயரையும் சேர்த்து மூடுகிற மாதிரி உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறை இருக்கிறது. யார் பார்த்தாலும் காப்பிக் கறை என்பார்கள். காப்பியும் டீயும் தொடாத மனுசன் எழுதிய தாளில் காப்பிக் கறை எங்கிருந்து வரும்? அது என் சித்தப்பாவின் ரத்தம். கறைக்குப் பக்கத்தில், அம்மாவின் பெயர் இருந்த இடத்தில், சதுரமாக ஒரு ஓட்டை. அதைக் கத்திரியால் வெட்டியவள் நான்.

சித்தப்பா போன தை மாதம் கோயம்புத்தூரில் இறந்துபோனார். அடுத்த மாதம் அவருடைய சபையிலிருந்து ஒருவர் போனில் பேசினார். தன்மையான மனிதர். "உங்க சித்தப்பா பாதியில விட்டுட்டுப் போன வேலை இருக்கும்மா. உங்க அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நெருங்கின சொந்தம்னு இப்ப இருக்கறது நீங்க ஒருத்தர்தான். நீங்க சம்மதம் சொன்னாத்தான் நாங்க செய்ய முடியும்" என்றார். ஒரு வாரத்தில் சொல்கிறேன் என்றேன். அவர் சம்மதம் கேட்டது ஞானஸ்நானத்துக்கு. இறந்துபோனவர்களுக்குக் கொடுக்கிற ஞானஸ்நானம். உயிரோடிருக்கிற ஒருவர் அவர்கள் பெயரில் தண்ணீரில் முழுகி எழுந்திருப்பார். கேட்டால் சிரிப்பு வருகிறதா? எனக்கும் முதலில் வந்தது. அந்தச் சிரிப்பு எப்படி அடங்கியது என்பதைச் சொல்ல வேண்டுமென்றால் அப்பாவிலிருந்து தொடங்க வேண்டும்.

நாங்கள் ராஜபாளையத்தில் மூன்று தலைமுறையாகப் புராட்டஸ்டண்ட் கிறிஸ்தவர்கள். அப்பாவும் பெரியப்பாவும் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு நாலு தறிகளில் பேண்டேஜ் துணி நெய்தார்கள். புண்ணுக்குக் கட்டுகிற துணியை நெய்த அதே கைகளால்தான் அப்பா அம்மாவை அடித்தார். அம்மாவுக்கு இடது காது கேட்காது. எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்தே கேட்காது. அதனால் அவளோடு நடக்கும்போது நான் எப்போதும் வலது பக்கமாக நடப்பேன்.

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அன்று எங்கள் சபையின் கோவிலில் திருவிருந்து. அப்பாவும் பெரியப்பாவும் அடுத்தடுத்து முழங்காலிட்டு ஒரே பாத்திரத்தில் திராட்சைரசம் குடித்தார்கள். வெளியே வந்த பிறகு அம்மா யாரிடமோ சிரித்துப் பேசினாளாம். வீட்டுக்கு வந்ததும் அப்பா தறியில் நூலைக் குறுக்கே ஓட்டுகிற நாடாக்கட்டையை எடுத்து அடிக்கத் தொடங்கினார். நாடாவின் இரண்டு முனையிலும் இரும்புக் கூர் இருக்கும். அம்மா சுவரோடு சரிந்து உட்கார்ந்துவிட்டாள், அப்போதும் அவர் நிறுத்தவில்லை. பெரியப்பா ஓடிவந்து, "ஏலே, விடுலே, செத்துப்போவாலே" என்று கையைப் பிடித்தார். அப்பா கையை உதறிக்கொண்டு போய்த் தேங்காய் வெட்டுகிற அரிவாளோடு திரும்பினார். முதல் வெட்டு தோளில், அடுத்தது கழுத்தில். பெரியப்பா வாசல்படியில் குறுக்கே விழுந்த பிறகும் இன்னொன்று. கோவிலுக்குப் போட்டுப் போன வெள்ளைச் சட்டையைக்கூட அவர் மாற்றியிருக்கவில்லை. அம்மா உடைந்த கையோடு எழுந்து கொட்டகையிலிருந்த பேண்டேஜ் துணியை அள்ளிக்கொண்டு வந்து அவர் கழுத்தில் அமுக்கினாள். ஒரு வாரம் நெய்த துணி அவ்வளவும் போதவில்லை. அப்பா முற்றத்துக் குழாயில் அரிவாளைக் கழுவினார். கழுவி முடித்து, தண்ணீர் வீணாகாமல் குழாயை இறுக்கி மூடினார். அந்தக் குழாயை மூடிய கை இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது.

அப்பா சிறையில் நாலாவது வருடம் மஞ்சள்காமாலையில் செத்தார். யாரிடமும் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்கவில்லை. பெரியம்மா கைக்குழந்தை வயதிலிருந்த மகனைத் தூக்கிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூரில் தன் பிறந்த வீட்டுக்குப் போய்விட்டார். "இவளைக் காப்பாத்தப் போயில்லா எம் புருசன் செத்தாரு" என்பதுதான் அம்மாவைப் பற்றி அவர் சொன்ன கடைசி வார்த்தை. அதற்குப் பிறகு இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து இல்லை.

இந்த இருவருக்கும் தம்பிதான் சித்தப்பா. அப்போது அவருக்கு இருபத்திரண்டு வயது. அவர் எங்கள் போதகரிடம் போய் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "எங்க அண்ணன்மாரு ரெண்டு பேரும் இனிமே ஒருத்தர ஒருத்தர் பாப்பாகளா?" போதகர் பொய் சொல்லத் தெரியாதவர். மரணத்துக்குப் பிறகு நியாயத்தீர்ப்புதான், இங்கே மனந்திரும்பாதவனுக்கு அங்கே வழியில்லை, நாம் இறந்தவர்களுக்காக ஜெபிப்பதும் இல்லை என்றார். பக்கத்துத் தெரு ரோமன் கத்தோலிக்கர்களாவது நவம்பரில் கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றி ஆத்துமாக்களுக்காக மன்றாடுவார்கள். எங்களுக்கு அதுவும் கிடையாது. சித்தப்பா அந்த வாரமே கோயம்புத்தூருக்கு பஸ் ஏறினார். மோட்டாருக்குக் கம்பி சுற்றுகிற பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

பதினைந்து வருடம் கழித்து ஒருநாள் வெள்ளைச் சட்டையும் கறுப்பு டையுமாக வந்து இறங்கினார். ராஜபாளையத்து வெயிலில் டை. மார்மன் சபையில் சேர்ந்துவிட்டேன் என்றார். பட்டறைக்கு மின்விசிறியைப் பழுதுபார்க்கக் கொண்டுவந்த இரண்டு ஆந்திரத்து வாலிபர்கள், அந்தச் சபையின் ஊழியக்காரர்கள், அவரிடம் பேசியிருக்கிறார்கள். அவர்கள் சொன்ன ஆயிரத்தில் ஒரே ஒரு விஷயம் அவரைப் பிடித்துக்கொண்டது. செத்தவர்களுக்கும் இன்னொரு வாய்ப்பு உண்டு, குடும்பம் சாவோடு முடிவதில்லை.

அதன் பிறகு மாதம் ஒருமுறை வந்துபோவார். எங்கள் பக்கத்து வீட்டு ராஜுவுக்குப் பஞ்சு மார்க்கெட்டில் டீக்கடை. சித்தப்பா வெறும் வெந்நீர் கேட்டு நிற்பதைப் பார்த்து அவர் தன் வீட்டுத் தெலுங்கு கலந்து, "ஏமய்யா, சாராயம் வேண்டாம்னு சொல்ற சாமியைப் பாத்திருக்கேன். டீ வேண்டாம்னு சொல்ற சாமி நம்ம ஊர்ல எப்படிப் பொழைக்கும்?" என்பார். சித்தப்பா சிரித்துக்கொண்டே வெந்நீரை ஊதி ஊதிக் குடிப்பார். சித்தப்பாவின் சபைக் கோவிலில் சிலுவை கிடையாது. "செத்துத் தொங்குன இயேசுவ விட உயிரோட எழும்பின இயேசுவத்தான் நாங்க நெனைக்கணும் பாப்பா" என்பார். திருவிருந்தில் அப்பம் உண்டு, ஆனால் திராட்சைரசத்துக்குப் பதில் தண்ணீர். ஏன் என்று கேட்டேன். சபையின் காரணம் ஏதோ சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தி, "எனக்குத் தண்ணிதான் நல்லது. செவப்பா எதையும் நான் குடிக்க முடியாது" என்றார்.

எங்கள் போதகர் அவரைக் கூப்பிட்டு மணிக்கணக்காக வாதாடினார். நானும் கூட இருந்தேன். அதே இயேசு, அதே பெத்லகேம், அதே பாவமன்னிப்பு, பிறகு எதற்குச் சண்டை என்று எனக்கு முதலில் புரியவில்லை. கேட்கக் கேட்கத்தான் விளங்கியது. எங்கள் வேதம் கடைசிப் பக்கத்தோடு முடிந்துவிட்டது. அவர்களுக்கோ, போன நூற்றாண்டுக்கு முந்தின நூற்றாண்டில் ஒரு அமெரிக்க இளைஞர் தங்கத் தகடுகளிலிருந்து மொழிபெயர்த்ததாகச் சொல்லும் இன்னொரு வேதமும் உண்டு, இன்றும் உயிரோடிருக்கிற தீர்க்கதரிசியும் உண்டு. பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்று இரண்டு சபையும் ஒரே வார்த்தைகளைச் சொல்லித்தான் ஞானஸ்நானம் கொடுக்கின்றன. ஆனால் எங்களுக்கு அந்த மூவரும் ஒரே கடவுள். அவர்களுக்கு மூவரும் தனித்தனி ஆட்கள், நோக்கத்தில் மட்டும் ஒன்று. அதனால் இவர்கள் கொடுத்தது அவர்களிடம் செல்லாது, அவர்கள் கொடுத்தது இவர்களிடம் செல்லாது. "நீ கிறிஸ்தவனே இல்லை" என்றார் போதகர். "நான் யாருன்னு அவருக்குத் தெரியும் ஐயா" என்றார் சித்தப்பா. வாதத்தில் ஒன்று மட்டும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பரலோகப் பிதாவுக்கு எலும்பும் சதையுமாக உடம்பு உண்டு என்று சித்தப்பா சொன்னார். ஆவியாக இருக்கிற பிதாவிடம் ஜெபித்து வளர்ந்தவள் நான். அப்பா என்றால் கை இருக்கும் என்று அன்றைக்கு முதல்முறையாக நினைத்துப் பார்த்தேன். கையில்லாத அப்பாவே எனக்குப் போதும்.

சார்ட் தாள் அதற்குப் பிறகுதான் வந்தது. தங்கள் முன்னோர் பெயர்களைத் தேடி எழுதுவது அந்தச் சபையாருக்கு ஆராதனை மாதிரி ஒரு கடமை. சித்தப்பா தளவாய்புரம் வரை போய்ச் சொந்தக்காரர்களிடம் கேட்டு, கல்லறைக் கற்களைத் துடைத்துப் படித்து, இரண்டு வருடம் எழுதினார். அண்மைக் காலத்தில் இறந்தவர் என்றால் நெருங்கிய உறவின் சம்மதம் வாங்க வேண்டும் என்பது அவர்கள் சட்டம். பெரியப்பாவுக்குப் பெரியம்மா. அப்பாவுக்கு அம்மா. கொலை செய்தவர் என்றால் மேலிடத்தில் தனியாக வேறு கேட்க வேண்டியிருக்கும் என்றார், அதற்கும் கடிதம் எழுதத் தயாராக இருந்தார். பெற்றவர்களுக்குக் கீழே இரண்டு அண்ணன்களும் மறுபடி பக்கத்தில் பக்கத்தில் நிற்க வேண்டும், அதுதான் அவருக்கு வேண்டியது. "நீயும் வா பாப்பா. ஒன்னையப் பாத்தா பெரிய மதினி கொஞ்சம் எளகுவாக" என்று என்னையும் அழைத்தார். நான் அப்போது கிருஷ்ணன்கோவில் பக்கம் ஒரு கல்லூரியில் லேப் அசிஸ்டென்ட். ஒருநாள் லீவு போட்டுவிட்டுப் போனேன். கொன்றவன் மகளைப் பார்த்து அவர் இளகுவார் என்று இரண்டு பேரும் நம்பியதை நினைத்தால் இப்போது தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

பெரியம்மாவின் மகன், எனக்குத் தம்பி முறை, வீட்டுக்குப் பின்னால் சின்னதாகப் பால்கோவா பட்டறை வைத்திருந்தான். காலை பத்து மணி. விறகடுப்பில் பெரிய கடாயில் பால் சுண்டிக்கொண்டிருந்தது. ஆள் உயர இரும்புக் கரண்டியால் கிண்டிக்கொண்டே சித்தப்பா சொல்வதைக் கேட்டான். செத்துப்போன அப்பாவுக்கு ஒரு நல்ல காரியம் என்றதும் அவன் முகம் கொஞ்சம் தெளிந்தது. சித்தப்பா தாளை விரித்தார். அவன் குனிந்து படித்தான். அப்பா பெயரை ஒரு விரலால் தொட்டான். அந்த விரல் அப்படியே பக்கத்துக் கட்டத்துக்கு நகர்ந்தது.

"இது யாரு பேரு?"

சித்தப்பா தாளின் சுருண்ட ஓரத்தை உள்ளங்கையால் நீவினார்.

"கொன்னவனுக்கும் அதே தண்ணியா?" என்று கேட்டுக்கொண்டே அவன் கரண்டியை வீசினான். கொதிக்கிற பால் அப்பியிருந்த இரும்பு சித்தப்பாவின் தோள்பட்டையில் விழுந்தது. எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. இரண்டாவது அடி வாயில். பற்கள் சிமெண்டுத் தரையில் தெறித்தன. சித்தப்பா தாளின் மேல் கவிழ்ந்து விழுந்தார், விழுந்தவரை அவன் விலாவில் மிதித்தான். "கொலைகாரனுக்கு வக்காலத்தா, கொலைகாரனுக்கு வக்காலத்தா" என்று ஒவ்வொரு மிதிக்கும் ஒருமுறை சொன்னான். அழுதுகொண்டேதான் மிதித்தான். நான் பாய்ந்து அவன் முழங்கையைக் கடித்தேன். பல் இறங்கி ரத்தம் வரும்வரை விடவில்லை. அவன் என்னை உதறித் தள்ளியபோது கரண்டி என் காலடியில் வந்து விழுந்தது. அதை எடுத்துவிட்டேன். அவன் மண்டைக்கு நேராக ஓங்கியும் விட்டேன். உள்வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு பெரியம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண்ணில் நான் யாராகத் தெரிந்தேன் என்பது எனக்கு அந்த நொடியே தெரிந்தது. கரண்டியைக் கீழே போட்டேன். அடுப்பில் பால் தீய்ந்த நாற்றம் தெருவரைக்கும் வந்தது. என் அப்பா செத்துப் பதினாலு பதினைந்து வருடம் ஆகியும் அவருடைய கை என் தோளிலேயே இருந்திருக்கிறது.

ராஜபாளையம் ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் சித்தப்பா, "மாடியில இருந்து விழுந்துட்டேன்" என்றார். போலீஸ் வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டார். மூன்றாம் நாள் சாயங்காலம் பெரியம்மா தனியாக பஸ் ஏறி ராஜபாளையத்துக்கு வந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை. "அந்தத் தாள எடு" என்றார். ரத்தம் காய்ந்து மொடமொடவென்றிருந்த தாளை நான் விரித்துப் பிடித்தேன்.

"எங்க ஊர்ப் போதகர் சொல்லுதாரு, அவன் நரகத்துல எரியுதானாம், எம் புருசன் பரலோகத்துல இருக்காராம். நடுவுல பெரிய பள்ளமாம், யாரும் தாண்ட முடியாதாம். அப்படின்னா அவன் இவரு மொகத்துல முழிக்கவே போறதில்ல. அது எப்படிய்யா ஞாயம்? கொண்டுபோயி அவரு முன்னால நிறுத்து. கூடப் பொறந்தவன ஏன் வெட்டுனேன்னு வாயத் தொறந்து சொல்லட்டும். அதுக்குத்தான் கையெழுத்துப் போடுதேன். நான் மன்னிச்சிட்டேன்னு எவள்ட்டயும் சொல்லிராத."

பெரியப்பா பெயருக்குக் கீழே கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்து போய்விட்டார். சித்தப்பா பல்லில்லாத வாயோடு அழுதார். சந்தோஷத்தில்தான் அழுதார். இனி மீதி இருந்தது அம்மாவின் கையெழுத்து. அம்மா மூன்று நாளாக ராத்திரி பகல் பார்க்காமல் அவருக்குக் கஞ்சி ஊற்றி, தோள்கட்டை அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தவள். கொழுந்தன் கேட்டால் உயிரையும் கொடுப்பாள் என்றுதான் நானும் நினைத்தேன்.

அம்மா தாளை ரொம்ப நேரம் பார்த்தாள். அப்பா பெயரையும் தன் பெயரையும் இணைத்திருந்த இரட்டைக் கோட்டை நகத்தால் சுரண்டினாள். "இது எதுக்குத் தம்பி?" என்றாள். அவர்கள் சபையில் கல்யாணம் இந்த உலகத்தோடு தீர்வதில்லை, முறைப்படி செய்தால் நித்தியத்துக்கும் உண்டு என்று சித்தப்பா விளக்கினார். அம்மா தாளிலிருந்து கையை எடுத்தாள்.

"சாவு பிரிக்கிற வரைக்கும்னுதான கோவில்ல சொல்லிக் கட்டிவச்சாக. அந்த ஒரு வார்த்தையப் புடிச்சிக்கிட்டுத்தான் பதினோரு வருசம் அடி வாங்குனேன். அதையும் புடுங்கிராதீக."

"மதினி, அங்கயும் சம்மதம் இருந்தாத்தான் சேரும். யாரையும் கட்டாயப்படுத்த மாட்டாக."

"இங்கயும் எஞ் சம்மதத்தக் கேட்டுத்தான் கட்டிவச்சாக" என்றாள் அம்மா. தாளை மடித்து அவர் தலையணைக்கு அடியில் வைத்தாள். கையெழுத்துப் போடவில்லை. அன்று வீட்டுக்கு நடக்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏட்டி, அவருக்கு என்னமும் பண்ணிட்டுப் போங்க. நான் போன பொறவு எம் பேர மட்டும் அவரு பக்கத்துல வச்சிராத" என்றாள். வைக்க மாட்டேன் என்று அவளுடைய வலது காதில் சொன்னேன்.

அம்மா இறந்து மூன்று வருடம் ஆகிறது. எங்கள் கோவில் கல்லறையில், அப்பாவின் குழியிலிருந்து எட்டிப் பார்த்தாலும் தெரியாத ஒரு மூலையில் அவளை அடக்கம் செய்தேன். சித்தப்பாவும் வந்திருந்தார், நெளிந்த தோளோடு குழியில் மண் தள்ளினார். அவர் போன பிறகு அவருடைய பெட்டி எனக்கு வந்தது. தாளை விரித்துப் பார்த்தேன். பென்சிலில் இருந்த அம்மாவின் பெயர் நீல மையாகியிருந்தது. இறந்த தேதியும் எழுதியிருந்தது. அவள் நகத்தால் சுரண்டி மங்கிப்போயிருந்த இரட்டைக் கோட்டை ஸ்கேல் வைத்து மறுபடி அழுத்திப் போட்டிருந்தார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எங்கள் குடும்பத்தில் யார் மேலும் கை நீட்டாத ஒரே ஆண் அவர். எலும்பு முறிந்தும் ஒருவர் மேலும் புகார் கொடுக்காதவர். எல்லோரையும் ஒன்று சேர்க்க வேண்டும் என்ற ஆசையில் அவரும் அம்மாவை அந்த வீட்டுக்குள்ளேயே திரும்பத் தள்ளிக் கதவைப் பூட்டப் பார்த்திருக்கிறார். உயிரோடு இருந்திருந்தால் அவரோடு சண்டை போட்டிருப்பேன். இப்போது தாளைப் பார்த்துத் திட்டினேன், பிறகு அழுதேன்.

நான் மார்மன் சபையை நம்பவில்லை. என் பழைய கோவிலுக்குத்தான் இன்றும் போகிறேன். ஆனால் பெரியம்மா ஊர்ப் போதகர் சொன்ன அந்தப் பள்ளத்தையும் என்னால் முழுசாக நம்ப முடியவில்லை. தப்பித்துக்கொள்ள அப்பாவுக்கு அது வசதியாகப் போய்விடுமோ என்று பெரியம்மா கேட்ட கேள்விக்கு எனக்கு இதுவரை யாரும் பதில் சொல்லவில்லை. ஒரு வாரம் யோசித்தேன். ஏழாம் நாள் அம்மாவின் கத்திரியை எடுத்தேன், பேண்டேஜ் துணி வெட்டுகிற பழைய கத்திரி. இரட்டைக் கோட்டையும் சேர்த்து அம்மாவின் பெயரைச் சதுரமாக வெட்டி எடுத்தேன். பிறகு கோயம்புத்தூருக்குப் போன் போட்டேன்.

"அப்பா பேருக்குச் சம்மதம் அண்ணாச்சி. பெரியப்பா முன்னால கொண்டுபோயி நிறுத்துங்க" என்றேன்.

அவர் நன்றி சொன்னார். பேனா எடுக்கிற சத்தம் கேட்டது. "அம்மா பேரும்மா?" என்றார்.

"அந்தப் பேரு தாள்ல இல்ல."

"சித்தப்பா எழுதியிருந்தாரே. உங்க அப்பா அம்மாவுக்கு முறைப்படி கல்யாணம் ஆகலியா?"

"கல்யாணம் ஆச்சு அண்ணாச்சி" என்றேன். "முடிஞ்சும் போச்சு."